எம்.ஆர்.2: பின் சில்லை முன்னுக்குப் பூட்டச் சொன்ன மேதைக்கு

கன்னியாப் பழசு:
நேற்றுப் பின்னேரம் இங்கே ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தார்: "1994 டொயோட்டா எம்.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் கார் தானே, பின் டயர் தேய்ந்தால் முன் சில்லைப் பின்னுக்கும் பின் சில்லை முன்னுக்கும் மாற்றிப் பூட்டினால் முடிந்தது. எல்லாக் காருக்கும் அதைத்தானே செய்கிறோம்." வாசித்தவுடன் குடித்த தேத்தண்ணி புரையேறிவிட்டது. தம்பி, அந்த வண்டிக்கு முன்னுக்கு 195/55 ஆர்15, பின்னுக்கு 225/50 ஆர்15 (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.இல், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). முன் ரிம் 6 அங்குலம், பின் ரிம் 7 அங்குலம், இரண்டுக்கும் ஒஃப்செட், அதாவது ரிம்மின் நடுவிலிருந்து பூட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம், 45 மி.மீ. பின் ரிம்மை முன்னுக்குப் போட்டால் உள்பக்கம் 12.7 மி.மீ. கூடுதலாகப் போகும். அங்கே ஸ்ட்ரட், அதாவது சஸ்பென்ஷன் தூண், நிற்கிறது. எட்டிப் பார்த்திருக்கிறீரா? போகாது. அவ்வளவுதான்.

நிலாவெளி நண்டு:
அந்த மேதை நான்தான் ஐயா, வணக்கம். போகும். பூட்டிய வண்டியில் பக்கத்துச் சீட்டில் இருந்து உப்புவெளியிலிருந்து சாம்பல்தீவு வரை போயிருக்கிறேன். உரசவும் இல்லை, சத்தமும் இல்லை. அப்புறம் அது 12.7 இல்லை, 15. 225இலிருந்து 195 போனால் 30, அதில் பாதி 15. கழித்தல் கணக்குக்கூடப் பிழைத்துவிட்டு ஸ்ட்ரட் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள்.

கன்னியாப் பழசு:
7இலிருந்து 6 போனால் 1 அங்குலம், 25.4 மி.மீ. அதில் பாதி 12.7. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 15 எந்தச் சந்தையில் வாங்கியது?

உட்துறைமுகம்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். போகுமா போகாதா என்பதை விடப் பெரிய விஷயம் இருக்கிறது. 195/55 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 595 மி.மீ. சொச்சம், 225/50 ஆர்15 சரியாக 606. மாற்றிப் போட்டால் சின்னது பின்னுக்கு வரும். இந்த வண்டியில் வேகமானி கியர்பொக்ஸிலிருந்து, அதாவது பின் சில்லுகளின் சுழற்சியிலிருந்து கணக்கெடுக்கிறது. ஆகவே முன்பு காட்டியதைவிடக் கிட்டத்தட்ட 2 சதவீதம் கூட்டிக் காட்டும். அதை விடுங்கள், சமாளிக்கலாம். இஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற வண்டி, பாரத்தில் பெரும்பங்கு பின்பக்கம். அதனால்தான் அகல டயரைப் பின்னுக்குக் கொடுத்தார்கள். 1989இல் வந்த முதல் வண்டிகளில் 14 அங்குலச் சில்லு, முன்னுக்கு 195/60, பின்னுக்கு 205/60. வளைவில் திடீரென்று வால் வீசுகிறது என்று அப்போதே பேச்சு வந்தது. பிறகு சஸ்பென்ஷனையும் திருத்தி, 15 அங்குலமாக்கி, பின்னுக்கு 225 போட்டார்கள். நீங்கள் சொல்வதைச் செய்தால் முன்னுக்குப் பிடி கூடும், பின்னுக்குக் குறையும். கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வரும், பதறி எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள், வண்டி முகம் திரும்பி வந்த வழியைப் பார்க்கும்.

கன்னியாப் பழசு:
கணக்கு வடிவாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் பூட்ட முடிந்தால்தானே ஓடுவது, ஓடினால்தானே மான் வருவது? 12.7 மி.மீ. அதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

நிலாவெளி நண்டு:
15.

கொழும்பு ஏழு:
திருகோணமலை நண்பர்களுக்கு ஒரு தகவல். 80களின் போர்ஷே 911 கரேராவுக்கும் இதே கதைதான். முன்னுக்கு 6 அங்குல ரிம்மில் 185/70, பின்னுக்கு 7 அங்குலத்தில் 215/60. இதையெல்லாம் யாரும் இடம் மாற்றுவதில்லை. கொழும்பில் இதை ஒரு கேள்வியாகவே எடுக்க மாட்டார்கள்.

நிலாவெளி நண்டு:
கொழும்பில் வீதியில் நிற்கிற நேரத்துக்கு நான்கு சில்லும் இல்லாமலே இருக்கலாம். ஹபரணை தாண்டி ஒருநாள் இரவு வந்து பாருங்கள், வீதியில் யானை நிற்கும்போது உங்கள் கரேரா என்ன செய்கிறது என்று.

கொழும்பு ஏழு:
நான் பிறந்தது உவர்மலையில். வீதி பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.

கன்னியாப் பழசு:
உவர்மலையில் பிறந்து கொழும்பில் குடியிருந்தால் இரண்டு ஊர் அறிவும் வந்துவிடுமா? இருந்தாலும் இவர் என் பக்கம் பேசியதால் விடுகிறேன். கவனியுங்கள், 911இலும் 6, 7. வித்தியாசம் 1 அங்குலம். பாதி எவ்வளவு? 12.7. உலகம் முழுக்க 12.7தான், நிலாவெளியில் மட்டும் 15.

அலஸ்தோட்டம்:
என்னுடைய பழைய மஸ்டா எம்.எக்ஸ்.5இல் நான்கும் 185/60 ஆர்14. முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் தாராளமாக மாற்றுகிறேன், சீராகத் தேய்கிறது. ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே மாற்றக்கூடாது என்பதும் பிழை, எல்லாக் காருக்கும் மாற்றலாம் என்பதும் பிழை. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைக் குனிந்து வாசித்தால் போதும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் வலதை இடதுக்குப் போடக்கூடாது, ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் பூட்ட வேண்டும். அதையும் இங்கே யாரும் கேட்கவில்லை.

கன்னியாப் பழசு:
பிள்ளை, எம்.எக்ஸ்.5 கடற்கரைக்கு ஐஸ்கிறீம் குடிக்கப் போகிற வண்டி. அதை ஏன் இதற்குள் இழுக்கிறீர்?

அலஸ்தோட்டம்:
அந்த ஐஸ்கிறீம் வண்டிதான் போன மாரிக்குக் கந்தளாய்க்குக் கிட்ட மழையில் நின்ற உங்களுடைய பெரிய வண்டிக்கு, வண்டியைத் தூக்கும் ஜக் கொண்டுவந்தது. அந்த ஜக் இன்னும் என் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

நிலாவெளி நண்டு:
அடடா. ஜக் இல்லாமல்தான் ஐயா இத்தனை நாளும் ஸ்ட்ரட்டை எட்டிப் பார்த்தாரா?

கன்னியாப் பழசு:
ஜக் கதை வேறு, சில்லுக் கதை வேறு. விஷயம் இல்லாதவர்கள்தான் ஜக்கைப் பிடிப்பார்கள்.

மடத்தடி:
மன்னிக்கவும், வண்டி என்னுடையது. முந்தாநாள் கேள்வி கேட்டதும் நான்தான். நான் கேட்டது ரிம்மோடு மாற்றுவதை அல்ல. பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. 225/50 ஆர்15 டவுனில் எங்கேயும் இல்லை, சொல்லிவைத்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதுவரை முன் டயர்களை மட்டும் கழற்றிப் பின் ரிம்மில் ஏற்றலாமா என்றுதான் கேட்டேன். 195/55 டயர் 7 அங்குல ரிம்மில் இருக்குமா?

உட்துறைமுகம்:
195/55க்கு 5.5இலிருந்து 7 அங்குலம் வரை ரிம் ஏற்கும் என்பதால் இருக்கும், ஆனால் இழுத்துப் பிடித்த மாதிரி விளிம்பில் இருக்கும். செய்யாதீர்கள் என்பேன். பின்னுக்குக் குறைந்த அகலம், அதோடு பாதி தேய்ந்த டயர், வரப்போவது வடகீழ்ப் பருவமழை. தண்ணீர் நிற்கிற வீதியில் பின்பக்கம் மிதந்தால் ஸ்டியரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினாலும் புதியது பின்னுக்குத்தான் போக வேண்டும். டயர் வரும்வரை வண்டியை வீட்டில் விடுங்கள்.

கன்னியாப் பழசு:
வண்டிக்காரரே சொல்லிவிட்டார், ரிம் 7 அங்குலம் என்று! 7! இனியும் 15 என்பவர்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

நிலாவெளி நண்டு:
அவர் 195, 225 என்றும்தான் எழுதியிருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசியுங்கள். வீதியிலும் ஸ்ட்ரட்டிலும் முட்டப்போவது ரிம்மா டயரா? டயர். அப்போ 15.

கன்னியாப் பழசு:
டயர் ரப்பர், அமுங்கும். ரிம் உலோகம், அமுங்காது. எதை அளப்பார்கள்? நான் கராஜ் வைத்த காலத்தில் நீர் மூன்று சில்லுச் சைக்கிள் ஓட்டியிருப்பீர்.

நிலாவெளி நண்டு:
அந்தக் கராஜுக்கு முதல்முதல் ஒரு எம்.ஆர்.2 வந்தபோது ஐயா முன் பொனட்டைத் திறந்து இஞ்சினைத் தேடினார், உள்ளே ஸ்பெயார் சில்லு படுத்திருந்தது என்று ஊரெல்லாம் கதை. அது பொய்யா?

கன்னியாப் பழசு:
பக்கத்தில் நின்ற பொடியனுக்குக் காட்டுவதற்காகத் திறந்தது அது. யார் சொன்னது என்றும் எனக்குத் தெரியும். போன வருசம் பட்டரித் தண்ணீர் விஷயத்தில் என்னிடம் வாங்கிக் கட்டியவர்தான் இதைச் சொல்லித் திரிகிறார்.

கொழும்பு ஏழு:
பட்டரி விஷயத்தில் நான்தான் சரி. காய்ச்சி வடித்த நீர்தான் விட வேண்டும். நீங்கள் அப்போது கிணற்றுத் தண்ணீர் போதும் என்றீர்கள்.

கன்னியாப் பழசு:
கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் என்றேன். சாதாரணக் கிணறு என்று நான் சொல்லவே இல்லை.

மடத்தடி:
அப்போ 225/50 கிடைக்காவிட்டால் பின்னுக்கு 215 அகலத்தில் ஏதாவது போடலாமா? யாராவது?

நிலாவெளி நண்டு:
ஒரு காரியம் செய்வோம். ஞாயிறு காலை மடத்தடித் தம்பி வண்டியை உப்புவெளிக்குக் கொண்டுவரட்டும். பின் சில்லைக் கழற்றி முன்னுக்கு வைப்போம், உள்ளே விரலை விட்டுப் பார்ப்போம். போனால் ஐயா இங்கே வந்து "போகும்" என்று ஒரு சொல் எழுத வேண்டும்.

மடத்தடி:
என் வண்டியை நான் எங்கேயும் கொண்டுவருவதாகச் சொல்லவில்லையே.

கன்னியாப் பழசு:
25.4ஐ இரண்டால் வகுப்பதற்கு நான் உப்புவெளிவரை வர வேண்டுமா? நின்ற இடத்தில் போவது வேறு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது போவது வேறு, பள்ளத்தில் விழும்போது போவது வேறு. இந்த மூன்றையும் விரலை விட்டுப் பார்ப்பாராம். விரல் மிஞ்சினால் 15 என்று எண்ணிக்கொள்ளட்டும்.

நிலாவெளி நண்டு:
வரப் பயம் என்று சொன்னால் முடிந்தது.

உட்துறைமுகம்:
மடத்தடி, 215 பற்றி: விட்டம் 606க்குக் கிட்ட வரவேண்டும், வண்டிக்கு ஏற்ற பாரச் சுட்டெண்ணும் (டயர் தாங்கும் பாரம்) வேகக் குறியீடும் (டயர் தாங்கும் வேகம்) இருக்க வேண்டும், முன்னதைவிட அகலம் குறையக்கூடாது. தனியே செய்தி அனுப்புங்கள், இங்கே கதைத்து வேலையில்லை.

கன்னியாப் பழசு:
இங்கே கதைத்து வேலையில்லை என்றால் என்ன அர்த்தம்? காலையிலிருந்து இங்கே சரியான எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். 595, 606 என்று நீர் எழுதியதையும் நான் இன்னும் சரிபார்க்கவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன்.

அலஸ்தோட்டம்:
சரிபார்க்கும்போது அந்த ஜக்கையும் பாருங்கள். சிவப்பு நிறம், கைபிடியில் துணி சுற்றியிருக்கும்.

கன்னியாப் பழசு:
என்னிடம் இருப்பது நீல ஜக்.