விருந்தாளி விட்டுட்டுப் போன பெட்டி: எத்தனை நாள் காவல் காக்கிறது?

மாசிவீதி:
விருந்தாளியா வந்து நாலு மாசம் தங்குறவர், போகும்போது ஒரு தகரப் பெட்டி, லேப்டாப், ரெண்டு பட்டுச்சேலை, சர்ட்டிபிகேட் ஃபைல் எல்லாத்தையும் போட்டுட்டுப் போறாருன்னு வைங்க. போன் பண்ணா "அடுத்த வாரம் வர்றேன்". என் கட்சி இதுதான்: ஒரு மாசம் கெடு, அப்புறம் பழைய இரும்புக் கடை. வாடகை வாங்கல, எழுத்து இல்ல, பொறுப்பும் இல்ல.

வைகைமணல்:
எழுத்து இல்லன்னா பொறுப்பு இல்லங்கிறது தப்புண்ணே. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71 பாருங்க. அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்து வச்சுக்கிறவருக்கு, நம்பி ஒப்படைச்ச பொருளை வச்சிருக்கிறவருக்கு உள்ள அதே பொறுப்பு. அது எவ்வளவுன்னு 151 சொல்லுது: சாதாரண விவேகமுள்ள ஒருத்தர் தன் சொந்தச் சாமானைப் பாத்துக்கிற அளவு, அவ்வளவுதான். அப்படிப் பாத்தும் கெட்டா 152 நம்ம பக்கம். வித்துக் காசைப் பையில போட்டா மட்டும் இப்ப இருக்கிற தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட பிரிவு 314 வரும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல அது 403.

மாசிவீதி:
71 கண்டெடுத்தவனுக்கு. இது என்ன மேலமாசி வீதி முக்குல கிடந்ததா? யாருதுன்னு தெரியுமே.

வைகைமணல்:
தெரிஞ்சா இன்னும் இறுக்கம்தான். கண்டெடுத்தவனே விக்கணும்னா 169 கேக்கிறது என்ன? ஆளைத் தேடியும் கிடைக்கல, இல்ல நியாயமான செலவைக் கேட்டும் தர மறுக்கிறாரு. அதோட, பொருள் கெட்டுப்போற நிலையில இருக்கணும், இல்ல செலவு அதோட மதிப்புல மூணுல ரெண்டு பங்கைத் தொட்டிருக்கணும். கையில நம்பர் இருக்கிற ஆளை "கிடைக்கல"ன்னு எப்படிச் சொல்றது? "எனக்கு வேணாம், நீங்களே எடுத்துக்கங்க"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி வாங்குங்க, சோலி முடிஞ்சது.

கூடலக்கா:
சட்டம் கிடக்கட்டும் தம்பிகளா, பொருள் அதுவரைக்கும் உசிரோட இருக்கணுமே. பெட்டியை நாலு செங்கல் மேல ஏத்தி, சுவத்துல இருந்து நாலு விரக்கடை தள்ளி வைங்க. ஒட்டி வச்சா கரையான் சுவத்தோட மண்ணு கட்டி உள்ள போறது கண்ணுக்குத் தெரியாது. பட்டுச்சேலையைப் பிளாஸ்டிக் கவர்ல போடக்கூடாது, துவைச்ச பழைய வேட்டியில சுத்தணும். அந்துருண்டை சரிகையில பட்டா கறுத்துப்போகும். மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பை மாத்தணும், இல்லன்னா மடிச்ச இடத்துலயே இத்துப்போகும்.

லேப்டாப்பைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பரண்ல போட்டுட்டு மறந்துடுறது. சித்திரை வைகாசி வெயில்ல நம்மூர் மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற பரண் அடுப்புதான். பாதிச் சார்ஜ்ல அணைச்சு, தரையோரமா பீரோவுல வைங்க. டச்பேட் லேசா மேல எழும்பி, மூடி சரியா மூடலன்னா உள்ள பேட்டரி ஊதுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் சார்ஜ் போடக்கூடாது, அமுக்கவும் கூடாது.

மாசிவீதி:
பாத்தீங்களா, ஓசியில கிட்டங்கி நடத்தச் சொல்றீங்க! ரெண்டு ரூம் வீட்டுல இதுக்கு எங்குட்டு இடம்? லாரி பார்சல்ல டு-பே போட்டு அனுப்பிவிட்டா வாங்குறவன் காசு கட்டுறான்.

வைகைமணல்:
அனுப்புறதை நானும் ஒத்துக்கிறேன். ஆனா அவர் எடுக்கலன்னா டெமரேஜோட, அதாவது எடுக்காம கிடந்த நாளுக்கான கட்டணத்தோட, பில் திரும்பி உங்க பேருக்குத்தான் வரும். முன்னாடியே "இந்த விலாசம், இந்தத் தேதி, சரியா?"ன்னு பதில் வாங்கிக்கங்க. கூரியர்னா பெட்டியோட அனுப்பாதீங்க, அவங்க எடையை மட்டும் பாக்க மாட்டாங்க, அளவையும் பாப்பாங்க. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுக்கிறது வழக்கம். 60, 40, 30 பெட்டின்னா 14.4 கிலோ. உள்ள 8 கிலோ துணிதான் இருந்தாலும் 14.4-க்குத்தான் காசு. சாக்குல இறுக்கித் தைச்சா காசும் உண்மையான எடைக்கு ஏத்தபடி இறங்கிடும்.

சர்ட்டிபிகேட்டைச் சாமானோட சேக்கவே கூடாது. தனியா ஸ்பீட் போஸ்ட், ரசீதைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்க.

கூடலக்கா:
கல்யாணத்துக்குப் போறவங்க கையில கொடுத்துவிடலாம்னு ஒருத்தர் கண்டிப்பா வருவாங்க. கொடுங்க, ஆனா என்னென்ன சாமான்னு ஒரு பட்டியல் போட்டு, அதுல அவங்க கையெழுத்து இருக்கணும். "பெரியம்மா கொண்டு போனாங்க, அதுல கொலுசு இருந்துச்சே"ன்னு ஆரம்பிச்சா அந்தக் கிளையோட பேச்சுவார்த்தையே நின்னுடும்.

மாசிவீதி:
சரிக்கா, ஒரு மாசத்தை மூணு மாசமாக்குறேன், அதுக்கு மேல இறங்க மாட்டேன். பெட்டியில பூட்டு, சாவி அவர்கிட்ட. உடைச்சுப் பட்டியல் போடலாமா?

கூடலக்கா:
உடைக்காதீங்க. பூட்டு மேல பேப்பர் ஒட்டி, தேதி போட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க கையெழுத்தோட போட்டோ எடுத்து வைங்க. பட்டியல்ல "பூட்டின பெட்டி 1" போதும். பெட்டி இடுக்குல எறும்பு வரிசை போனா மட்டும் கதை வேற, உள்ள அதிரசமோ பொரிவிளங்கா உருண்டையோ இருக்கு. அப்ப அவருக்கு வீடியோ கால் போட்டு, அவர் பாக்கப் பாக்கத் திறங்க.