பாட்ரே தீவு கடற்கரையில் டென்ட், ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டி): ராத்திரியில் பார்த்தவை
(மணல்மேடு, நண்டுவளை, டீசல்வண்டி, கரிஅடுப்பு எல்லாம் எழுதினவங்களோட புனைபெயர்.)

மணல்மேடு:
அமெரிக்காவுல டெக்சாஸ், கார்பஸ் கிறிஸ்டி நகரத்துக்குத் தெற்கே, பாட்ரே தீவு தேசியப் பூங்காவோட தெற்குக் கடற்கரை, மூணாவது மைல். ஜனவரி. ராத்திரி ஒரு மணி வாக்குல தென்கிழக்குக் காத்து சட்டுனு நின்னுது. கொஞ்ச நேரம் அசைவே இல்லை. அப்புறம் வடக்கே இருந்து அடிச்சுது. பக்கத்து டென்ட்டோட ஆணி ஒண்ணொண்ணா மணலை விட்டு வெளியே வர்ற சத்தம் தெளிவா கேட்டுது. கடைசி ஆணியும் கிளம்பினதும், பை, படுக்கை எல்லாத்தோடயும் டென்ட் கரையோரமாவே தெற்கே உருண்டு போச்சு. நல்லவேளை, ஆள் உள்ளே இல்லை.

டென்ட்டோட வர்ற ஏழு அங்குல ஆணி உலர்ந்த மணல்ல நிக்காது. புதைநங்கூரம்தான் போடணும். காலி அரிசிப் பை எடுத்து அஞ்சு கிலோ ஈர மணல் போட்டு, வாயைக் கட்டி, நடு வயித்துல கயிறு முடிஞ்சு, ஒன்றரை அடிக் குழியில படுக்க வைங்க. மூடி மிதிச்சு ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. மேலே வர்ற கயிறு நீளமா, தரையோட சாய்வா போகணும். குத்தா மேலே இழுத்தா பையும் பிடுங்கிக்கும். மூலைக்கு ஒண்ணு, இழுகயிறுக்கு ஒண்ணு. குளிர்காலத்துல டென்ட்டோட குறுகின பக்கம் வடக்கைப் பார்க்கட்டும்.

நண்டுவளை:
குளிர்காலத்துக்கு மணல்மேடு சொன்னது சரி. ஆனா வடக்குக் காத்தை மட்டும் பார்த்துட்டுப் படுக்கறது தப்பு. வசந்தத்துல இடைஞ்சல் எதிர்த் திசையில இருந்து வருது. அங்கே ஓதம் ஏறி இறங்கறது ஒன்றரை, ரெண்டு அடிதான், அதனால யாரும் கண்டுக்கறதில்லை. தென்கிழக்குக் காத்து ரெண்டு நாள் விடாம அடிச்சா தண்ணியைத் தள்ளிட்டு வந்து மணல்குன்று அடிவாரத்துல சேர்க்கும். நான் பார்த்தது அதுதான்: விடிகாலையில ஒரு டென்ட்டோட தரைத்துணி தண்ணிமேல மெத்தை கணக்கா எழும்பி நின்னுது, உள்ளே குழந்தைகள் தூங்கிட்டு இருந்தாங்க.

அலை ஒதுக்கிவிட்ட கடற்பாசி கோடு கோடா கிடக்கும், அதைப் பாருங்க. ஈரமா இருக்கிற கோடு நேத்தைய அலை. அதுக்கு மேலே காஞ்சு கறுத்த கோடு ஒண்ணு இருக்கும், அதுதான் கணக்கு. அதையும் தாண்டித்தான் டென்ட் போடணும். குன்றுமேல ஏறாதீங்க, அங்கே தங்க அனுமதி இல்லை. புல்லு போனா மணல் நிக்காது, பாம்பும் உண்டு. காஞ்ச கோட்டுக்கும் குன்றுக்கும் நடுவுல இடமே இல்லைன்னா அன்னிக்கு அந்த இடம் வேண்டாம், பூங்காவோட மலாக்கீட் முகாமுக்குத் திரும்பிடுங்க.

இன்னொண்ணு, யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். ஏப்ரல்ல இருந்து ஜூலை நடு வரைக்கும் கெம்ப்ஸ் ரிட்லிங்கிற கடலாமை முட்டையிட வரும். பெரும்பாலும் பகல்ல வரும், காத்து பலமா இருக்கிற நாள்ல அதிகமா வரும். நங்கூரத்துக்குத் தோண்டின குழி, பசங்க தோண்டின குழி எல்லாத்தையும் கிளம்பறதுக்கு முன்னாடி மூடுங்க. ஆமையைப் பார்த்தா தொடாம, வெளிச்சம் அடிக்காம, தள்ளி நின்னு ரேஞ்சருக்கு (பூங்காக் காவலர்) சொல்லுங்க. முட்டையிட்டுட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடும், அதனால உடனே சொல்லணும்.

டீசல்வண்டி:
டென்ட் பேச்சு போதும். இந்தக் கடற்கரையில முதல் அஞ்சு மைலுக்குச் சாதா கார் போகும்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பேச்சை நம்பித்தான் 25 அடி ட்ரெய்லர் ஒண்ணு அச்சு வரைக்கும் புதைஞ்சு கிடந்ததைப் பார்த்தேன். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை விடலை, ஒவ்வொரு மிதிக்கும் சக்கரம் ஒரு அங்குலம் கீழே போச்சு. சுத்த ஆரம்பிச்சதும் காலை எடுத்திருந்தா பத்து நிமிஷ வேலை.

கேளுங்க. மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி, இழுக்கிற வண்டியோட டயரை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்க. டயர் தட்டையாகி மணல்ல படியற பரப்பு கூடும். ட்ரெய்லர் டயரை அந்த அளவுக்கு இறக்காதீங்க, அது தாங்கற எடையே காத்தழுத்தத்தை நம்பித்தான். இறக்கின டயரோட வேகமா வளைச்சா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். கம்ப்ரஸர் இல்லாம காத்தை இறக்கவே கூடாது, அதே அழுத்தத்துல தார்ரோட்டுல ஓடினா டயர் சூடாகி வெடிக்கும்.

புதைஞ்சா முதல் வேலை ட்ரெய்லரைக் கழட்டறது. சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மணலை ஷவலால வழிச்சு, பலகை சொருகி, வண்டியை மட்டும் ஈரமான கெட்டி மணலுக்குக் கொண்டுபோங்க. அங்கே இருந்து நீளமான ஸ்ட்ராப் போட்டு ட்ரெய்லரை இழுங்க. ஸ்ட்ராப்பை ஹிட்ச் உருண்டையில (வண்டிக்குப் பின்னாடி ட்ரெய்லரை மாட்டற உருண்டை) மாட்டவே கூடாது, உடைஞ்சா ஆளைக் கொல்லும். ஜாக்கிக்கு அடியில ரெண்டடிக்கு ரெண்டடி தடிப்பலகை வைங்க, இல்லேன்னா வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். நின்ன இடத்துல ஸ்டெபிலைசருக்கும் (ட்ரெய்லர் ஆடாம தாங்கற கால்) அதே பலகை. தூங்கறதுக்கு முன்னாடி ஆனிங்கை (பக்கவாட்டு நிழல் துணி) சுருட்டிடுங்க, வடக்குக் காத்துல கம்பியோட பிய்ஞ்சு போகும்.

கரிஅடுப்பு:
நான் பார்த்தது சின்ன விஷயம், ஆனா மறக்கவே முடியலை. ஒரு பையன் காலையில வெறுங்காலோட ஓடிவந்து, ராத்திரி யாரோ மணல் போட்டு மூடிட்டுப் போன கரிக்குழியில கால் வெச்சுட்டான். மேலே மணல் குளிர்ந்து இருக்கும், உள்ளே பல மணி நேரம் கனல் அப்படியே இருக்கும். மணல் போட்டு அணைக்காதீங்க. தண்ணி ஊத்துங்க, கிளறுங்க, மறுபடி ஊத்துங்க. சீறல் நின்னு, கையால தொட்டா சில்லுன்னு இருக்கணும். அப்புறம் கரியை அள்ளிப் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.

நண்டுவளை:
டீசல்வண்டி, ஈர மணல் எப்பவும் கெட்டியா இருக்கும்னு நம்ப முடியாது. சிப்பித்தூள் அதிகமா கிடக்கிற இடத்துல, தெற்கே தள்ளி இருக்கிற லிட்டில் ஷெல், பிக் ஷெல் கடற்கரைப் பக்கமெல்லாம், அலையோரத்துலயே சக்கரம் இறங்கும். இறங்கி நடந்து பாருங்க, குதிகால் புதைஞ்சா வண்டியும் புதையும்.

டீசல்வண்டி:
அது நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டிங்க மட்டும் போற பகுதி, ட்ரெய்லரை அங்கே யார் கொண்டுபோகச் சொன்னது? நான் சொன்னது முதல் அஞ்சு மைலுக்கு. வீட்டுக்குப் போனதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணியில அன்னிக்கே கழுவுங்க. பிரேக் ட்ரம், ஸ்பிரிங் இலைகளுக்கு நடுவுல, லைட் கனெக்டர், இந்த மூணு இடத்துலதான் உப்பு முதல்ல அரிக்கும். கனெக்டர் காஞ்சதும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவுங்க.