கால் லெட்டர் (நேர்காணல் அழைப்பு) வந்த பிறகு எங்கே தட்டுது? குமரி மாவட்டத்து எம்பிஏ விண்ணப்ப அனுபவங்கள், புனைபெயர்ல எழுதினவங்க சொன்னது

கோட்டார் சந்தை:

பெங்களூரு நேர்காணல் மையத்துல சான்றிதழ் பார்க்கிற மேசை. களியக்காவிளைப் பக்கத்துப் பையன். கேட் நுழைவுத் தேர்வுல பெர்சன்டைல் நல்லா இருக்கு, ஃபைல் எல்லாம் வரிசையா அடுக்கியிருக்கான். சாதிச் சான்று கேட்டதும் லேமினேட் பண்ணின அட்டையை எடுத்து நீட்டினான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா அதைத் திருப்பிப் பார்த்து, "இது உங்க மாநிலத்துச் சான்று, எங்களுக்கு வேண்டியது வேற"ன்னு சொல்லித் திரும்ப வச்சாங்க. பிளாஸ்டிக் ஓரம் பிரிஞ்சு நின்ன அந்த அட்டை இன்னும் கண்ணுல நிக்குது.

பிசி, எம்பிசி சான்று தமிழ்நாட்டுக்குள்ள செல்லும். ஐஐஎம் (மத்திய அரசோட மேலாண்மைக் கல்வி நிறுவனம்) கேக்கிறது மத்திய அரசுப் படிவத்துல உள்ள ஓபிசி நான்-கிரீமிலேயர் சான்று, அதாவது பிற்படுத்தப்பட்டவங்கள்ல வசதி அடுக்குல (கிரீமிலேயர்) வராதவங்கங்கிற சான்று. இ-சேவை மையத்துல இதுக்குத் தனி விண்ணப்பம் உண்டு, வட்டாட்சியர் கையெழுத்துல வரும். சாதி மத்தியப் பட்டியல்ல இருக்கணும். நம்ம மாவட்டத்துல இதை ரெண்டு தடவை பார்க்கணும், ஏன்னா பட்டியல்ல சில சாதிப் பேருக்கு நேரே "கன்னியாகுமரி மாவட்டம் மற்றும் செங்கோட்டை வட்டம்"னு எல்லை போட்டிருக்கும். 1956 நவம்பர் 1-க்கு முன்னாடி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்த பகுதி, அதனால வந்த எல்லை. எழுத்து ஒண்ணு மாறினாலும் மேசையில நிறுத்திடுவாங்க.

தேதி முக்கியம். சான்று அந்த நிதியாண்டுக்குள்ளதா இருக்கணும், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கினது. ஜூன்ல சேரும்போது சில இடங்கள்ல புது நிதியாண்டுச் சான்று திரும்பக் கேப்பாங்க. இன்னொண்ணு, கேட் விண்ணப்பம் முடிஞ்ச பிறகு பிரிவை மாத்த முடியாது. ஆகஸ்ட்ல பொதுன்னு குத்திட்டுப் பிப்ரவரியில ஓபிசி சான்றோட போனா ஒண்ணும் நடக்காது.

நான்-கிரீமிலேயருக்குப் பெற்றோரோட வருஷ வருமான வரம்பு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்குல வராது. அதனால பயப்படாம போடுங்க.

மாத்தூர் தொட்டில்:

சான்று சரியா இருந்தும் நேர்காணல் அறைக்குள்ள விழுந்ததைச் சொல்றேன். குலசேகரத்துப் பிள்ளை, படிவத்துல அப்பா தொழில் "ரப்பர் விவசாயி". மூணு பேர் குழு. நடுவுல இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "இன்னைக்கு ஷீட் என்ன விலை?" பிள்ளை, "அப்பாதான் விப்பாங்க சார்"ன்னு சொல்லுச்சு. அவர் பேனாவை மூடி வச்சார். அதுக்கப்புறம் மீதி நேரம் பூராவும் மத்த ரெண்டு பேர்தான் கேட்டாங்க.

அந்த ஒரு கேள்வியில ஒரு எம்பிஏ பாடமே இருக்கு மக்கா. பால்ல ஏறத்தாழ மூணுல ஒரு பங்குதான் ரப்பர், மீதி தண்ணி. ஷீட் போடணும்னா பாலைத் தண்ணி விட்டு இளக்கி, தட்டுல ஊத்தி ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய வச்சு, ரோலர்ல நெரிச்சு, புகைக்கூண்டுல உணத்தணும். பாலாவே வித்தா உடனே காசு. ஷீட்டா வச்சா விலை ஏறுற வரை காத்திருக்கலாம். ஒட்டுக்கறைக்கு (மரத்துல ஒட்டி உறைஞ்ச பால்) விலை குறைவு. இதுதான் சரக்கு இருப்பு, கைமுதல், விலை அபாயம். கோட்டயம் சந்தையில ஆர்எஸ்எஸ்-4 (புகையில உணத்தின ஷீட்ல ஒரு தரம்) விலை தினமும் வருது, அதைப் பார்த்துட்டுத்தான் நம்ம ஊர்க் கடையில விலை சொல்றாங்க. கச்சா எண்ணெய் இறங்கினா செயற்கை ரப்பர் மலிவாகும், டயர் கம்பெனி அங்கே சாயும், இங்கே விலை அமுங்கும். பிப்ரவரி, மார்ச்சுல இலை உதிர்ந்து பால்வெட்டு ஓயும், மழைக்காலத்துல மழைக்கவசம் கட்டலைன்னா நிக்கும். அப்போ வீட்டுக்கு வரவு எப்படின்னு அடுத்த கேள்வி வரும்.

ரப்பர் வீடு இல்லைன்னாலும் ஊர்க் கேள்வி தப்பாது. ஒரே மாவட்டத்துல மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்குல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கணக்குல ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏன்னு சொல்லத் தெரியணும். மணவாளக்குறிச்சி மணல்ல என்ன எடுக்கிறாங்க, முப்பந்தல்ல காத்தாலை ஏன் அங்கே மட்டும் அத்தனை, தோவாளையில பிச்சிப்பூ விலை முகூர்த்த நாள்ல எத்தனை மடங்கு ஏறுது, இதெல்லாம் பேருந்துல போகும்போதே விசாரிக்கலாம். வள்ளுவர் சிலை 133 அடி, 2000 ஜனவரி 1-ல திறந்ததுன்னு மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போறவங்கதான் அதிகம். அதைக் குழு கேக்கிறதே இல்ல.

விளவங்கோடு 56:

கோட்டார் அண்ணாச்சி சொன்னதுல ஒரு இடத்துல பெரிய பிழை இருக்கு. அதைப் படிச்சிட்டு யாராவது உறுதிமொழியில கையெழுத்துப் போட்டுடக் கூடாதுன்னு எழுதுறேன்.

விவசாய வருமானம் கணக்குல வராதுங்கிறது நெல், வாழைக்குச் சரி. ரப்பருக்குச் சரி இல்ல. கிரீமிலேயரை வரையறுக்கிற 1993 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்திய அரசு உத்தரவோட அட்டவணையில தோட்டப்பயிர்னு ஒரு பகுதி தனியா இருக்கு. காப்பி, தேயிலை, ரப்பர் மூணையும் பேர் சொல்லி, இதுக்கு வருமான வரம்பே பொருந்தும்னு எழுதியிருக்கு. மாந்தோட்டம், எலுமிச்சை வகைத் தோட்டம் மாதிரியானதைச் சாதாரண விவசாய நிலமா எடுத்துக்கணும்னு அடுத்த வரியில வருது. திருவட்டாறு, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள்ல எத்தனை வீட்டுக்கு ரப்பர்தான் முதல் வருமானம்! அவங்க தொடர்ந்து 3 வருஷக் கணக்கை எடுத்து வச்சுப் பார்க்கணும். அந்த 3 வருஷமும் 8 லட்சத்தைத் தாண்டியிருந்தாத்தான் கிரீமிலேயர். நடுவுல விலை விழுந்து ஒரு வருஷம் கீழே வந்திருந்தா நிலைமை வேற. விற்ற ரசீது இல்லாம இதை நிரூபிக்க முடியாது, ரசீதைத் தூரப் போடாதீங்க.

நிலம் உள்ளவங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாசன நிலம் நில உச்சவரம்புல 85 சதவீதத்தைத் தொட்டா வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே ஒதுக்கீட்டுலேர்ந்து விலக்கிடுவாங்க. நம்ம ஊர்ல சென்ட் கணக்குல நிலம் வச்சிருக்கிறவங்களுக்கு அது வராது.

சம்பளம் சேராதுங்கிறதும் பாதிதான். பெற்றோர்ல ஒருத்தர் அரசு வேலையில நேரடி நியமன குரூப் ஏ அதிகாரின்னா சம்பளம் எவ்வளவா இருந்தாலும் ஒதுக்கீடு கிடையாது. ரெண்டு பேரும் நேரடி குரூப் பி-ன்னாலும் அப்படியே. சாதாரணப் பள்ளி ஆசிரியர் வீடுகள்ல இதைச் சரியா விசாரிக்காம, கிடைக்க வேண்டிய சான்றை வேண்டாம்னு விட்டவங்களும் உண்டு. அது இன்னும் வருத்தம்.

வட்டப் பெயரையும் கவனிங்க. கிள்ளியூர், திருவட்டாறு தனி வட்டமான பிறகு பழைய சான்றுல விளவங்கோடு, கல்குளம்னும் ஆதார்ல வேறயுமா கிடக்கும். விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து இப்போ எந்த வட்டம்னு உறுதி பண்ணினா ஒரு தடவை திரும்பி வர்றது மிச்சம்.

கோட்டார் சந்தை:

ரப்பர் விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி. மேல நான் எழுதினதை யாரும் அப்படியே எடுத்துக்க வேண்டாம். தோட்டம் உள்ளவங்க விளவங்கோடு 56 சொல்ற மாதிரி ரசீதோட போங்க.

பறக்கை:

வெட்டூர்ணிமடத்துல ஒரு வீடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. வெயிட்லிஸ்ட் (காத்திருப்புப் பட்டியல்) நகர்ந்து இடம் கிடைச்ச மின்னஞ்சல் வந்தது வெள்ளிக்கிழமை, போய் விழுந்தது ஸ்பாம்ல. ஆறு மணிக்குள்ள முதல் தவணை கட்டணும். அப்பா கணக்கு நெட்பேங்கிங் இல்லாத வங்கியில. மாமா கணக்குல பணம் இருக்கு, ஆனா புதுசாச் சேர்த்த பெறுநருக்கு முதல் 24 மணி நேரம் வங்கி வச்ச வரம்பு குறுக்கே நிக்குது. யுபிஐ-ல போட்டா ஒரு லட்சத்தோட நின்னுது. ஆறு அடிச்சது. அம்மா மட்டும் "இன்னொரு தடவை அமுக்கிப் பாரு மக்ளே"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க.

ஏப்ரல் முதல் வாரத்துலயே செய்ய வேண்டியது: நெட்பேங்கிங் உள்ள ஒரு கணக்குக்குப் பணத்தை மாத்துங்க. நாள் வரம்பைக் கிளைக்குப் போய் உயர்த்துங்க. கட்டண விவரத்துல கல்லூரியோட கணக்கு எண் முன்கூட்டியே தெரிஞ்சா அன்னைக்கே பெறுநராச் சேர்த்துடுங்க. நெஃப்ட் வங்கிப் பரிமாற்றம் 2019 டிசம்பர்லேர்ந்து 24 மணி நேரமும் ஓடுது, ஞாயிறுங்கிறது தடை இல்ல. பெரும்பாலும் தடையா வர்றது வரம்புதான். ஸ்பாம் பெட்டியைக் காலையும் ராத்திரியும் பாருங்க, விண்ணப்ப எண்ணை வச்சு இணையதளத்துலயும் நேரா நுழைஞ்சு பாருங்க.

வெயிட்லிஸ்ட் எண் 180-ன்னு பார்த்துட்டு மனசு உடையிறாங்க. அது பிரிவுவாரியா ஓடுற எண். பொதுப் பிரிவுல 180-உம் ஓபிசி-ல 180-உம் ஒண்ணு இல்ல. முன்னால இருக்கிறவங்கள்ல நிறைய பேர் கையில நாலஞ்சு இடம் இருக்கும். மேல உள்ள ஐஐஎம் முடிவு வெளியானதும் அவங்க கீழே உள்ளதை விடுவாங்க, அப்போ ஒரே மூச்சுல நகரும். பிறகு ரெண்டு வாரம் அசையாது. பொது நேர்காணல் நடத்துற புது ஐஐஎம்கள்லயும் தகுதிப் பட்டியல் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாத்தான் போடும், அதனால ஒண்ணுல நகர்ந்தா இன்னொண்ணுலயும் நகரும்னு எண்ண வேண்டாம்.

சின்னக் கல்லூரியில கட்டின பணம் போயிடுமோன்னு பயந்து கட்டாம விடுறதும் நடக்குது. ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள கல்லூரியில வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடி விலகினா அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடிச்சிட்டு மீதியைத் திருப்பணும். ஐஐஎம்களுக்குத் தனிச் சட்டம், விலகுற கடைசித் தேதி அவங்க சலுகைக் கடிதத்துலயே இருக்கும். அந்தத் தேதியைக் காலண்டர்ல சிவப்பு மையில எழுதி மாட்டுங்க.

தோவாளைப் பிச்சி:

கடன் பகுதியை யாரும் தொடலை. அருமனைப் பக்கத்து வீட்டுல நடந்தது. வங்கி வக்கீல் 30 வருஷ மூலப் பத்திரம் கேட்டார். தாத்தா இரும்புப் பெட்டியைத் திறந்து திருவிதாங்கூர் முத்திரைத்தாள் பத்திரத்தை எடுத்துக் குடுத்தார், முழுக்க மலையாளம். வக்கீல் அதை விளக்கு வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "மொழிபெயர்ப்பு வேணும்"னார். அதுக்கு ரெண்டு வாரம் போச்சு. கல்லூரிக் கட்டணத் தேதி காத்திருக்கல.

7.5 லட்சத்துக்கு மேல சாதாரணக் கல்விக்கடனுக்குப் பிணையம் கேப்பாங்க. பட்டா, நில வரைபடம், வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை, இத்தனையும் வேணும். நம்ம ஊர்ல பாகம் பிரிக்காத குடும்ப நிலம் அதிகம், பட்டா கூட்டா இருந்தா மத்த பங்காளிங்க கையெழுத்து வேணும். வெளிநாட்டுல இருக்கிற சித்தப்பா கையெழுத்துக்கு ஒரு மாசம் ஆகும். அதனால கால் லெட்டர் வந்த அன்னைக்கே பத்திரத்தை எடுங்க, முடிவு வர்ற வரை காத்திருக்காதீங்க. சேர்க்கைக் கடிதம் இல்லாம கடன் அனுமதி வராதுதான், ஆனா பத்திரப் பரிசோதனை முன்னாடியே நடக்கலாம்.

அதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க: நீங்க சேர்ற நிறுவனம் வங்கியோட முதன்மைப் பட்டியல்ல இருக்கா? ஐஐஎம்களுக்குப் பல வங்கிகள் பிணையமில்லாமலே தர்றாங்க. 2024 நவம்பர்ல வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துல தகுதியுள்ள நிறுவனங்களுக்குப் பிணையமோ ஜாமீனோ கிடையாது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்து, வேற அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்கலைன்னா, 10 லட்சம் வரைக் கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. கிளையில தெரியலைன்னு சொன்னா இணையதளத்துல விண்ணப்பிச்சு அந்த எண்ணோட போங்க.

ஏத்தங்குலை:

இறுதியாண்டு பிள்ளைகளுக்கு ஒரு சேதி. எல்லாரும் கேட் ஒண்ணையே பிடிச்சுத் தொங்குறதைப் பார்த்தா பொறுக்கல. எக்ஸ்ஏடின்னு இன்னொரு எம்பிஏ நுழைவுத் தேர்வு ஜனவரியில வருது. கேட்ல இல்லாத முடிவெடுக்கும் திறன்னு ஒரு பகுதி அதுல உண்டு. 8 கேள்விக்கு மேல விட்டா விட்ட ஒவ்வொண்ணுக்கும் 0.10 குறையும், கேட் பழக்கத்துல நிறைய விட்டுட்டு வர்றவங்க அங்கேதான் அடிபடுறாங்க. கேட்ல ஒரு பகுதிக்கு 40 நிமிஷம், தப்புக்கு ஒரு மார்க் போகும், விடையைத் தட்டச்சு பண்ற கேள்விக்குப் போகாது. அந்தக் கேள்வியை வெறுமையா விடுறது பாவம்.

தேர்வு நகரம் தேர்றப்போ திருநெல்வேலி, திருவனந்தபுரம் ரெண்டையும் போடுங்க. மார்த்தாண்டத்துக்கு மேற்கே உள்ளவங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். கேட் தேர்வு நவம்பர் கடைசியில, மழை நேரம். 2021 நவம்பர்ல இரணியல், குழித்துறைப் பக்கம் தண்டவாளத்துல மண் சரிஞ்சு ரயில் நின்னது நினைவிருக்கும். முந்தின நாளே போய்த் தங்குங்க.

வெளிநாட்டு எம்பிஏ கல்லூரிக்கு ஜிமேட் தேர்வு எழுதுறவங்க, விண்ணப்பக் கடைசி நேரம் அமெரிக்கக் கிழக்கு நேரத்துல இருந்தா நம்ம கடிகாரத்துல ஒன்பதரை, பத்தரை மணி நேரம் தள்ளி வரும். பரிந்துரைக் கடிதம் எழுதுறவருக்கு இணைப்பு தனியாப் போகும், அவர் அனுப்பினாரான்னு உங்க பக்கத்துலயே காட்டும். பேராசிரியர்கிட்ட கேக்கத் தயங்கி நிக்காதீங்க.

ஐஐஎம்-ல சேர்ற இறுதியாண்டுக்காரங்க, பட்டப்படிப்புத் தேவை எல்லாம் முடிச்சாச்சுன்னு முதல்வர் அல்லது பதிவாளர் கையெழுத்துல ஜூன் 30-க்குள்ள சான்று குடுக்கணும், மதிப்பெண் பட்டியலும் சான்றிதழும் டிசம்பர் 31-க்குள்ள. அரியர் ஒண்ணு கிடந்தாலும் அந்தச் சான்று கிடைக்காது. மே மாசமே முதல்வர் அறைக்குப் போய் மாதிரிப் படிவத்தைக் குடுத்துட்டு வாங்க, விடுமுறையில அலுவலகத்துல ஆள் இருக்காது.

மாத்தூர் தொட்டில்:

ஏத்தங்குலை அண்ணாச்சி, அந்தப் படிவத்துல சிஜிபிஏ-வைச் சதவீதமா எப்படி மாத்தினதுன்னும் பல்கலைக்கழக முறைப்படி எழுதி வாங்கச் சொல்லுங்க. அப்படி ஒரு முறை இல்லைன்னா அதிகபட்ச சிஜிபிஏ-வால வகுத்து 100-ஆல பெருக்குவாங்க. தகுதிக்கு வேண்டிய 50 சதவீத எல்லையில நிக்கிற பிள்ளைக்கு அது போதும், உள்ளேயும் வெளியேயும் ஆக்க.