மறுமொழி: மறுமொழி: ‘நல்ல’ சடுதிமாற்றத்துக்கு ஒரு சொல் வேண்டும் (திங்கட்கிழமைக்குள்!)

கோத்தகிரி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அறிவியல் நாளுக்காக எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரொட்டி எழுதுகிறார்கள். பொருள், 1988-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் தொடங்கிய ஈ. கோலை (குடலில் வாழும் பாக்டீரியா) சோதனை. 12 குடுவை, எல்லாவற்றிலும் ஒரே பாக்டீரியாவின் வாரிசுகள். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புது நீர்மத்தில் விடுவார்கள். அதில் குளுகோஸ் கொஞ்சம்தான். வேகமாகப் பெருகுவது மிஞ்சும். அப்படிப் பெருக உதவும் மியூட்டேஷனுக்கு (டி.என்.ஏ.வில் நேரும் மாற்றத்துக்கு) ‘நன்மை பயக்கும் சடுதிமாற்றம்’ என்று எழுதினேன். அட்டையில் இடம் போதவில்லை. போதாததற்கு ஒரு பையன், “சடுதின்னா உடனேதானே டீச்சர், அப்புறம் ஏன் இத்தனை வருஷம்?” என்கிறான். சுருக்கமாக ஒரு சொல் தாருங்கள். திங்கள் காலை ஒட்டியாக வேண்டும்.

உதகைப் புலவர் எழுதியது:

பையன் கேட்டது நியாயம் அம்மா. சடுதியே வேண்டாம், அது வடமொழி ‘ஜடிதி’யின் வழி வந்தது என்பது என் கட்சி. தொல்காப்பியத்தில் திரிபு இருக்கிறது. மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று மூன்றாகப் பிரித்தும் வைத்திருக்கிறார். ஓர் எழுத்து வேறாவது, கூடுவது, குறைவது. டி.என்.ஏ.வில் நடப்பதும் இதுதானே? நல் + திரிபு = நற்றிரிபு, நற்றிணை போல. திரிபைச் சொல்ல வந்த சொல்லே திரிந்து நிற்கும் அழகைப் பாருங்கள்!

கூடலூரிலிருந்து:

ஐயா கோபிக்கக் கூடாது. என் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன், ‘நற்று இரிபு’ என்று பிரித்தாள். எங்கள் வீட்டில் திரிந்துபோவது பால் மட்டும்தான் (அதைச் செய்வதும் பாக்டீரியாதான், அது வேறு கதை). கொரோனா நாட்களில் பத்திரிகைகள் திரிபை வேரியன்ட்டுக்குக் கொடுத்துவிட்டன. அப்பா இலங்கையில், பதுளையில் படித்தவர். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே தேயிலைக்கு வந்து சேர்ந்தார். இலங்கைப் பாடத்தில் மியூட்டேஷன் விகாரம், பரிணாமம் கூர்ப்பு, தகவமைப்பு இசைவாக்கம். விகாரம் நன்னூலிலும் இருக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

உதகைப் புலவர்:

விகாரமும் வடமொழிதான் தம்பி. ‘நன்மை தரும் விகாரம்’ என்று சுவரில் ஒட்டினால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள்.

குன்னூரிலிருந்து (தடுப்பூசிக் கூடத்தில் கிருமி வளர்த்து ஓய்ந்தவன்):

இரண்டு பேரும் பின்பாதிக்குச் சண்டை போடுகிறீர்கள். சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. ‘நன்மை’ யாருக்கு, எங்கே?

ரைபோஸ் என்று ஒரு சர்க்கரை. அதைத் தின்னும் திறனை அந்த 12 கூட்டமும் இழந்தன. மரபணுத் துண்டே கழன்று போயிற்று. நன்னூல் கணக்கில் அது கெடுதல். ஆனால் குளுகோஸ் குடுவைக்குள் அந்தக் கெடுதல் ஒன்றிரண்டு சதவீதம் லாபம் தந்தது. ரைபோஸ் மட்டும் கிடைக்கிற இடத்தில் விட்டால் அதே கெடுதல் பட்டினி. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை எடுங்கள். 1908 முதல் 1921 வரை, பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் (ஊட்டிக் கிழங்கு இல்லை) மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். நோய் உண்டாக்கும் வீரியம் போயிற்று. அது நமக்கு நன்மை. ஆகவே ‘நல்’ வேண்டாம். இடத்தோடு பொருந்துவது என்று வர வேண்டும். ‘உகந்த மாற்றம்’ என்று போடலாமே? பிள்ளைகளுக்கும் புரியும்.

கொடைக்கானலிலிருந்து:

குறுக்கே வருகிறேன். குறிஞ்சி ஒரு தலைமுறைக்கு 12 ஆண்டு எடுக்கிறது. இந்த பாக்டீரியா நாளுக்கு 6.6 தலைமுறை. அப்படியானால் ஒரு குறிஞ்சிப் பூப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறக்குறைய 29,000 தலைமுறை! அந்த நீர்மத்தில் இருக்கும் சிட்ரேட் என்ற இன்னொரு பொருளைத் தின்னக் கற்றது 12-இல் ஒரே கூட்டம். அது அதற்கு எடுத்துக்கொண்டது 31,000 தலைமுறைக்குச் சற்று மேல். பையனின் ‘ஏன் இத்தனை வருஷம்’ கேள்விக்கு இதைச் சொல்லுங்கள் டீச்சர். சொல்லுக்கு என் ஓட்டு குன்னூருக்கு.

கூடலூரிலிருந்து:

சரி, உகந்த மாற்றத்துக்கே நானும். ஆனால் ‘மாற்றம்’ ரொம்பப் பொதுவாக இருக்கிறது. உகந்த விகாரம் என்றால் இன்னும் கச்சிதம். சொல்லிவிட்டேன்.

உதகைப் புலவர்:

உகப்பு என்றால் உயர்வு என்று தொல்காப்பிய உரியியலிலேயே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ‘உகந்த மாற்றம்’ உயர்ந்துகொண்டே போவதாகிவிடும். ரைபோஸை இழந்ததும் உயர்வுதானா? குன்னூர் நண்பர் சொன்னதற்கே இது முரண்.

குன்னூரிலிருந்து:

கல்யாணப் பத்திரிகையில் ‘உகந்த நாள்’ என்று போடுகிறார்கள் ஐயா. உயர்ந்த நாள் என்றா படிக்கிறோம்?

கோத்தகிரி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ‘உகந்த மாற்றம்’ என்று பெரிதாக எழுதி, கீழே பொடியெழுத்தில் ‘இந்தக் குடுவைக்கு’ என்று சேர்த்து ஒட்டியாயிற்று. குறிஞ்சிக் கணக்கையும் போட்டோம். பொடியெழுத்து என் யோசனை இல்லை, அந்தப் பையனுடையது. அடுத்த சிக்கல் தகவமைப்பு. ஊட்டிக் குளிருக்குத் தான் தகவமைந்துவிட்டதாகவும், மேட்டுப்பாளையத்து மாமா தகவமையவில்லை என்றும் ஒருத்தி எழுதியிருக்கிறாள். ஒரு ஆள் பழகிக்கொள்வது வேறு, கூட்டமே தலைமுறை தலைமுறையாக மாறுவது வேறு என்று எப்படிப் பிரிப்பது?

உதகைப் புலவர்:

ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும் அம்மா. என் வாக்கு நற்றிரிபுக்கே. தகவமைப்பில் உள்ள ‘தகவு’ பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இரவு அனுப்புகிறேன்.