மூக்கனேரி காலை நடைக் குழு

டீச்சரம்மா, 7:12
மாமா வீட்டுக்கு வந்துவிட்டாரா? ஏரிக்கரையில் சட்டை நனைய வேர்த்து நின்றாரே, அதுவே கண்ணுக்குள் நிற்கிறது.

கடைசி வீட்டு அத்தை, 7:15
வந்துவிட்டார் கண்ணு. நாலு இட்லி சாப்பிட்டார், தெளிவாகப் பேசுகிறார். நர்ஸ் பொண்ணு பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ!

மளிகைக்கடை அண்ணன், 7:19
சர்க்கரைக்காரருக்கு இனிப்புக் கொடுக்காதீர்கள் என்று தடுத்தது நான்தான். மனசு கேட்கவில்லை. மன்னிச்சுக்குங்க அத்தை.

நர்ஸ் அக்கா, 7:31
விடுங்க அண்ணா, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெஷினில் மாமாவின் ரத்தச் சர்க்கரை 58 காட்டியது. 70க்குக் கீழே இறங்கினால் அந்த நேரத்துக்குச் சர்க்கரைதான் மருந்து. மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கணும். 91 வந்த பிறகுதான் மாமாவை எழுந்திருக்க விட்டேன். முதலில் சாக்லேட், க்ரீம் பிஸ்கட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108.

கடைசி வீட்டு மாமா, 7:36
மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதானே அம்மா வந்தேன்?

நர்ஸ் அக்கா, 7:40
அங்கேதான் மாமா சிக்கல். உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பிடாமல் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால், தசையும் தன் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காலை உணவோடு போட வேண்டியது அது. சீட்டை எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நேரத்தை அவர் சொல்லட்டும். உங்களிடம் முதல் நாளே கேட்காமல் விட்டது என் தவறு. இனி மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் யாரையும் நம் நடை வகுப்பில் சேர்க்க மாட்டேன்.

கடைசி வீட்டு மாமா, 7:44
அப்போ ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலை நடை?

நர்ஸ் அக்கா, 7:47
இப்போதைக்கு வேண்டாம் மாமா. 20 கொண்டை ஊசி வளைவு, நடுவில் தலை சுற்றினால் சிரமம். டாக்டர் சரி என்றதும் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையிலேயே நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் போதும், அதோடு இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வார்டில் சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றி மாற்றித்தான் இந்த வகுப்பையே ஆரம்பித்தேன்.

டீச்சரம்மா, 7:50
அடுத்த வாரம் உனக்கு நைட் டூட்டி ஆச்சே?

நர்ஸ் அக்கா, 7:52
ஆமாம் டீச்சர். மெஷினை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன், சாயங்காலம் வந்து பழக்கிக் காட்டுகிறேன். நடக்கும்போது பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நெஞ்சு இறுக்கினால் நடை அங்கேயே நிற்கணும்.

கடைசி வீட்டு அத்தை, 8:05
சர்க்கரையைப் பொட்டலம் கட்டி அவர் பேண்ட் பையில் வைத்துவிட்டேன் கண்ணு.

நர்ஸ் அக்கா, 8:06
சட்டைப் பைக்கு மாற்றிவிடுங்க அத்தை. கை நடுங்கும்போது பேண்ட் பைக்குள் விரல் போகாது. இன்று காலை பார்த்தேன், கைக்குட்டையை எடுக்கவே அவரால் முடியவில்லை.