புறநகரில் வீடு பார்த்தோம், ஞாயிற்றுக்கிழமை 35 நிமிடம்தான் ஆனது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி:
வேகமாக வளர்ந்துவரும் ஒரு புறநகர் ஊரில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நான், மனைவி, ஏழு வயதுப் பையன், முழங்கால் வலியோடு அம்மா என நான்கு பேர். போன ஞாயிறு காலை போய்ப் பார்த்தோம். வீடு பிடித்துவிட்டது. அங்கிருந்து என் அலுவலகத்துக்கு வண்டி ஓட்டிப் பார்த்தேன், 35 நிமிடம்தான். ரயில் வரப்போகிறது, பெரிய பள்ளி வரப்போகிறது என்கிறார் தரகர். முன்பணம் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம். இப்படிப்பட்ட ஊருக்குக் குடிபோனவர்கள் சொல்லுங்கள், எதை முன்பே பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது?

பதில் 1:
ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு கணக்கே இல்லை. ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில் அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்புங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள், நம் ஊர்ச் சாலைகளில் மாலைதான் சோதனை. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்ச்செட்டி 1994இல் எழுதினார்: மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. ஆறு மாதம் தாங்கலாம். அப்புறம் தூக்கத்திலோ பையனோடு இருக்கும் நேரத்திலோ கைவைக்கும்.

பதில் 2:
நான் தண்ணீரில் ஏமாந்தவன், அதனால் இதை நீளமாகவே எழுதுகிறேன். குழாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். குழாயில் வருவது பொது விநியோகமா, போர்வெல்லா என்று கேட்கவில்லை. புது ஊர்களில் வீடுகள் முதலில் வந்துவிடும், குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மெதுவாக வரும். அதுவரை எல்லா வீட்டுக்கும் போர்வெல், எல்லா வீட்டுக்கும் செப்டிக் டேங்க், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று எடுத்துப் போங்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை பொதுவாக நன்றாக இருக்கும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கவே பிடிக்காது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும் நிம்மதி அடையாதீர்கள், அதற்குக் கிருமியும் தெரியாது, நைட்ரேட்டும் தனியாகத் தெரியாது. செப்டிக் டேங்க் கசிந்தால் வருவது அவை இரண்டும்தான். நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம். ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கோடையின் கடைசியில் போர்வெல் எவ்வளவு இறங்கும் என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

பதில் 3:
மழை பெய்யும்போது ஒரு தடவை போய்ப் பாருங்கள். இன்று தண்ணீர் நிற்காத தெரு, சுற்றியுள்ள காலிமனைகளில் கான்கிரீட் போட்ட பிறகு நிற்கும், மண் குடித்த தண்ணீர் எங்கேயாவது ஓட வேண்டுமே. "நூறு வருட வெள்ளம்" என்றால் நூறு வருடத்துக்கு ஒரு முறை என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு 1 சதவீத வாய்ப்பு என்று பொருள், 30 வருடம் குடியிருந்தால் அது 26 சதவீதம் ஆகிவிடும்.

கேட்டவர்:
நன்றி. ரயில் வந்தால் பயணச் சிக்கல் தீர்ந்துவிடாதா? சாலையையும் அகலப்படுத்தப் போகிறார்களாம்.

பதில் 1:
வரும்போது வரட்டும். இன்று அதன் மதிப்பு பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு இந்த வீடு உங்களுக்குச் சரியா என்று பாருங்கள். சாலை விஷயத்தில் அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1962லேயே சொல்லிவிட்டார், அகலமான சாலையும் நெரிசல் நேரத்தில் மறுபடி நிரம்பிவிடும்.

பதில் 4:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள்! எல்லாம் வந்து சேர்ந்த ஊரில் வீடு வாங்க முடியாமல்தானே இங்கே வருகிறோம். நான் வந்து ஐந்து வருடம் ஆகிறது, வருத்தம் இல்லை. ஆனால் முதல் வருடம் வாடகைக்கு இருந்துதான் வாங்கினேன். உங்கள் அம்மாவுக்காக ஒன்று: இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம், புதுத் தெருவின் பெயர் வரைபடச் செயலியில் இருக்கிறதா என்று பாருங்கள். என் வீட்டுக்கு வந்த ஆம்புலன்ஸ் அடுத்த தெருவில் நின்றுகொண்டு போன் செய்தது.

கேட்டவர்:
திங்கள் போய் வந்தேன். போக 1 மணி 10 நிமிடம், வர 1 மணி 25 நிமிடம். ஞாயிற்றுக்கிழமையைவிட ஒரு நாளுக்கு 85 நிமிடம் கூடுதல். 240 வேலை நாளுக்குப் பெருக்கினால் 340 மணி நேரம், மனைவி காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். மீட்டர் 1,140 காட்டியது. தண்ணீர் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறேன். முன்பணம் கொடுக்கவில்லை, அதே தெருவில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று விசாரிக்கிறோம். தெருப் பெயர் செயலியில் இல்லை.