ஃபால்கன் ஹைட்ஸ் கவுன்சில் கூட்டங்களில் நான் பார்த்தது

அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள ஃபால்கன் ஹைட்ஸ் நகரில், கருப்பினத்தவரான பிலாண்டோ காஸ்டீல் போலீஸால் கொல்லப்பட்ட லார்பென்டியர் அவென்யூ வழியாகத்தான் அப்போது யூனிவர்சிட்டிக்குப் போய்வருவேன். 2016 ஜூலை 6. பிரேக் லைட் எரியவில்லை என்று காரை நிறுத்தினார்கள். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே முதலில் சொன்னார், உரிமமும் இருந்தது. நிறுத்திய அதிகாரி ஏழு முறை சுட்டார். பின் சீட்டில் 4 வயதுக் குழந்தை.

ஆளுநர் மாளிகை முன்னால் நடந்த போராட்டம் டிவியில் வந்தது. நகரக் கவுன்சில் கூட்டங்கள் அவ்வளவாக வரவில்லை. ஃபால்கன் ஹைட்ஸுக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது, பக்கத்து செயின்ட் ஆண்டனியிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கியிருந்தது; சுட்டவர் அந்தப் போலீஸைச் சேர்ந்தவர். அதனால் ஜனங்கள் பிடித்த பிடி இதுதான்: "இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள்." மைக் முன்னால் ஆளுக்குச் சில நிமிடம். அழுதவர்கள் உண்டு, கத்தியவர்கள் உண்டு. ஒரு பாட்டி ஒப்பந்தத்தையே கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவாகக் கேள்வி கேட்டார். உறுப்பினர்கள் நெளிந்தது அவரிடம்தான்.

2017 ஜூன் 16 அன்று சுட்ட அதிகாரியை நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) விடுவித்தது. போலீஸ் காரின் முன்பக்கக் கேமரா (டாஷ்கேம்) வீடியோவைப் பொதுமக்களுக்குக் காட்டியதே அதற்குப் பிறகுதான். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அப்புறம் செயின்ட் ஆண்டனி, போலீஸால் வரும் வழக்குச் செலவின் பொறுப்பை நீங்கள் கூடுதலாக ஏற்க வேண்டும் என்றது. ஃபால்கன் ஹைட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருடக் கடைசியோடு ஒப்பந்தம் முடிந்து, அந்தப் பகுதியின் கவுண்டி போலீஸ் தலைவரான ராம்சி கவுண்டி ஷெரிப் வந்தார். மனசாட்சியா, பணமா என்று கேட்டால் பணம்தான் என்பேன். ஆனால் ஜனங்கள் விடாமல் வந்து உட்காராவிட்டால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

•

வாசகர் ஒருவரின் பதில்: அண்ணா, அதே சாலையில் என்னையும் ஒருமுறை நிறுத்தினார்கள், வேகத்துக்காக. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். லைசென்ஸ் பின் பாக்கெட்டில். எடுக்கட்டுமா என்று கேட்கவே நாக்கு எழவில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், எச்சரித்து அனுப்பிவிட்டார். எனக்கு அது ஒருமுறை. காஸ்டீலை அதற்கு முன் குறைந்தது 46 முறை நிறுத்தியிருந்தார்கள், பெரும்பாலும் சில்லறைக் காரணங்களுக்கு. யாரை எதற்கு நிறுத்தினோம் என்ற கணக்கை இனவாரியாக வெளியிடச் சொல்லி அந்தக் கூட்டங்களில் யாராவது கேட்டார்களா அண்ணா? என்ன பதில் வந்தது?